கமிட்மென்ட்ஸ் இருக்கிறது, கமிட்மென்ட் இல்லையா?

கேள்வி: நானும் அவரும் நான்கு வருடமாகப் பழகுகிறோம். இருவருமே மென்பொருள் துறை. எனக்கு 29 வயது, அவருக்கு 32. கல்யாணப் பேச்சை எடுத்தாலே "எனக்கு நிறைய கமிட்மென்ட்ஸ் இருக்கு, கொஞ்சம் பொறு" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அப்பா வாங்கிய கடனை அவர்தான் அடைக்கிறார், தங்கையின் படிப்புச் செலவும் அவருடையதுதான். என் அம்மாவோ "அவனுக்குக் கமிட்மென்டே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார். இதற்கு நடுவில் இந்த வருட அப்ரைசலில் என்னைப் பற்றியே "கமிட்மென்ட் போதாது" என்று எழுதிவிட்டார்கள், நான் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறேனாம். அவரிடம் இல்லையே என்று நான் அழுகிற அதே விஷயம் என்னிடமும் இல்லையா? இந்தக் கமிட்மென்ட் என்ற வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தை நான்கு இடத்தில் வருகிறது. கடைசி இடம் உங்கள் கேள்வி. மற்ற மூன்றையும் மூன்று பேர் சொல்கிறார்கள், மூன்று பேரும் சொல்வது வெவ்வேறு விஷயம், ஆனால் காதில் விழுவது ஒரே சத்தம் என்பதால் மூன்றையும் ஒரே தராசில் போட்டு நிறுத்து, கடைசியில் "என்னிடமும் இல்லையோ" என்று பழியை உங்கள் மேலேயே போட்டுக்கொண்டுவிட்டீர்கள். அது வேண்டாம். நீங்கள் ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புவதற்கும், ஒருவர் நான்கு வருடமாகக் கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் சொல்வதிலிருந்து தொடங்குவோம். நம் பேச்சில் இந்தச் சொல்லோடு ஒரு 'ஸ்' சேர்ந்தால் பொருளே மாறிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? "கமிட்மென்ட்ஸ் இருக்கு" என்றால் பெரும்பாலும் பணம், மாதத் தவணை, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது, தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் பொறுப்புகள். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேற கமிட்மென்ட் இருக்கு" என்றால் முன்பே ஒப்புக்கொண்ட வேலை. "அவசரப்பட்டு கமிட் பண்ணிக்காதே" என்றால் வாக்குக் கொடுத்துவிடாதே. "அவன் கமிட் ஆயிட்டான்" என்றால் காதலிக்கிறான், அதை நண்பர்களிடம் ஒப்புக்கொண்டும் விட்டான். "நல்ல கமிட்மென்ட் உள்ள ஆள்" என்றால் எடுத்த காரியத்தைப் பாதியில் போடாதவர். சுமை, நேரம், வாக்கு, காதல், உழைப்பு எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஏற்றி வைத்திருக்கிறோம், அப்புறம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் எப்படித் தீரும்?

அவர் சொன்னதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்கு நிறைய கடன் இருக்கிறது. இந்தக் கடன் என்ற சொல்லை இன்று நாம் பணத்துக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம், ஆனால் பழைய தமிழில் கடன் என்றால் கடமை என்றும் பொருள். கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். அந்தப் பொருள் இன்னும் முழுக்கச் செத்துப் போகவில்லை, நன்றிக்கடன் என்கிறோம், அங்கே பணம் எங்கே இருக்கிறது? அதே சொல்லோடு ஓர் ஏகாரம் சேர்த்து "கடனே என்று செய்தான்" என்றால் மனசே இல்லாமல், வேறு வழியில்லாமல் செய்தான் என்று ஆகிவிடுகிறது. முறையென்று நினைத்துச் செய்வதும், கொடுத்தாக வேண்டியதும், வேண்டாவெறுப்பாகச் செய்வதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்பாவின் கடனை அவர் மனமுவந்து அடைக்கிறாரா, முறை என்று அடைக்கிறாரா, கடனே என்று அடைக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. நான்கு வருடம் பழகியும் தெரியவில்லை என்பதை உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன், அதில் தொகையோ காலமோ அவருடைய மனநிலையோ ஒரு வரிகூட இல்லை. சின்ன வயதிலிருந்து சுமந்தே பழகியவர்களில் சிலருக்கு, புதிதாக வரும் எந்த உறவும் இன்னொரு சுமையாகத்தான் முதலில் கண்ணில் படும். நீங்கள் அந்தச் சுமையில் ஒரு கை கொடுக்க வருகிறவர் என்பது அவர் மனதுக்குப் பிடிபடவே இல்லாமல் இருக்கலாம். அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்கிறேன்.

உங்கள் அம்மா சொல்வது வேறு. அவர் கேட்பது வாக்கு. நாலு பேர் அறிய "இவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன்" என்று அவர் சொல்லிவிட்டாரா என்பதுதான் அம்மாவின் கேள்வி, அதற்கு இன்றுவரை பதில் "இல்லை". அந்த அளவில் அம்மா சொல்வது சரி. ஆனால் வாக்குக் கொடுக்காதவன் பொறுப்பில்லாதவன் என்று அங்கிருந்து ஒரே தாவாகத் தாவினால் அது தப்பு. தான் வாங்காத கடனை அடைக்கிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? பொறுப்பு இருக்கிறது, உங்களிடம் கொடுத்த வாக்கு இல்லை. இந்த இரண்டையும் மனதுக்குள் தனித்தனியாக வைத்துக்கொண்டால்தான் அவரோடு நியாயமாகப் பேச முடியும், இல்லாவிட்டால் அவர் தன் பொறுப்புகளைக் காட்டிக் காட்டியே வாக்கைப் பற்றிய கேள்வியிலிருந்து நழுவிவிடுவார், நீங்களும் "பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்" என்று வாயை மூடிக்கொள்வீர்கள். நான்கு வருடமாக நடந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சொல்லின் அர்த்தத்தைக் கேட்டிருப்பதால் அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் கொம்மித்தெரே என்று ஒரு வினைச்சொல், ஒன்றாகச் சேர்ப்பது, ஒருவரிடம் ஒப்படைப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் குற்றம் செய்வதற்கும், ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கும், ஒன்றை மனப்பாடம் செய்வதற்கும், உறுதி கொடுப்பதற்கும் இதிலிருந்து வந்த கமிட் என்ற ஒரே வினைதான். முதலில் பார்த்தால் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். எனக்கு இவை எல்லாவற்றிலும் ஒரு சாயல் தெரிகிறது: கையிலிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டோம், இனி நினைத்த நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நாம் பயன்படுத்தும் அர்ப்பணிப்பு என்ற சொல்லும் அர்ப்பணத்திலிருந்து வந்ததுதான், அதுவும் ஒப்படைப்பதுதான். உங்கள் துறையில் இது இன்னும் தெளிவாக இருக்கும். தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையைக் கமிட் செய்கிறவரை ரோல்பேக் செய்யலாம், அதாவது பழைய நிலைக்கே திருப்பிவிடலாம், கமிட் ஆன பிறகு மின்சாரமே போனாலும் அது அழியக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் நீங்கள் கமிட் செய்தது உங்கள் கணினியில்தான் இருக்கும், அதைப் புஷ் செய்கிறவரை, அதாவது பொது இடத்துக்கு அனுப்புகிறவரை, குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது. அவர் தன் மனதுக்குள் எப்போதோ முடிவெடுத்துவிட்டிருக்கலாம். உங்களிடம் வந்து சேராத முடிவை நம்பி நீங்கள் எந்தத் திட்டமும் போட முடியாது, அவ்வளவுதான்.

இனி என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கிய புதிதில், முதல் சந்திப்பில் ஒரு படிவம் கொடுப்பேன், அதில் "இந்த உறவில் உங்கள் கமிட்மென்ட் பத்துக்கு எவ்வளவு" என்று ஒரு கேள்வி இருக்கும். ஒரு முறை கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதினார்கள், இரண்டிலும் ஒன்பது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, கணவருடைய ஒன்பது "குழந்தைகளை விட்டுப் போகவே மாட்டேன்" என்ற ஒன்பது, மனைவியின் ஒன்பது "இவரோடு இருக்க எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது" என்ற ஒன்பது. எண் ஒன்றுதான், இரண்டு பேரும் இரண்டு வீட்டில் குடியிருந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஜான்சன் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் தெளிவாகப் பிரிக்கிறது. ஒருவர் ஓர் உறவில் தொடர்வதற்கு மூன்று விதமான பிடிப்பு உண்டு என்றார். இருக்க ஆசைப்படுகிறேன் என்பது ஒன்று. விட்டுப் போவது முறையல்ல என்பது இன்னொன்று. போக முடியாது, போனால் இழப்பு அதிகம், ஊர் என்ன சொல்லும், போக இடமில்லை என்பது மூன்றாவது. அதே 1991இல் கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இருவர் வேலை இடத்தைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இந்த மூன்றுதான்: பிடித்துப் போய் இருப்பது, விட்டால் நஷ்டம் என்று இருப்பது, இருப்பதுதான் நியாயம் என்று இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தெரியும், ஆள் போகாமல் அங்கேயே இருக்கிறார். உள்ளே இருக்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். உண்மையான உறவுகளில் மூன்றும் கலந்துதான் இருக்கும், அதில் தப்பில்லை, ஆசை குறையும் நாட்களில் முறை கைகொடுக்கும். ஆசை சுத்தமாகக் காலியாகி, போக முடியாது என்பது மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் நான் கவலைப்படுவேன்.

இந்த மூன்றையும் அவர் மேல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மேல் வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் ஏன் இருக்கிறீர்கள்? கேரில் ரஸ்பல்ட் என்ற உளவியலாளர் 1980களில் செய்த ஆய்வுகளிலிருந்து ஒரு விஷயம் வெளியே வந்தது. ஓர் உறவில் எவ்வளவு நிறைவு இருக்கிறது, வேறு நல்ல வழி கண்ணில் படுகிறதா என்பவற்றோடு, இதுவரை அதில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பதும் நம்மை அங்கேயே பிடித்து வைக்கிறது. போட்டது என்றால் வருடங்கள், ரகசியங்கள், பொதுவான நண்பர்கள், கண்ணீர் எல்லாம்தான். "நான்கு வருடம் ஆகிவிட்டதே" என்ற நினைப்பு உங்களை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது, அவர்மேல் இருக்கும் பிரியம் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். நான்கு வருடம் போனது போனதுதான், ஐந்தாவது வருடத்தைப் போட வேண்டுமா என்பதை முடிவு செய்வதற்கு அந்த நான்கை நியாயமாகக் காட்டக் கூடாது.

அதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். ஸ்காட் ஸ்டான்லி, கலீனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் என்ற மூவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், முடிவெடுத்து ஓர் உறவில் அடுத்த கட்டத்துக்குப் போவதையும், அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அங்கே நிற்பதையும் பிரித்துக் காட்டினார்கள். முடிவே எடுக்காமல் போய்க்கொண்டிருந்தாலும் திரும்பி வரும் பாதை மட்டும் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வரும், அதுதான் ஆபத்து என்பது அவர்கள் சொல்ல வந்தது. உங்கள் கதையில் இருவருமே வழுக்கிக்கொண்டுதான் போகிறீர்கள். அவர் "பொறு" என்றார், நீங்கள் பொறுத்தீர்கள், எதுவரை என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் நான் சொல்லும் வழி இது. அவரிடம் பேச உட்காருங்கள், நேரில், அவசரமில்லாத ஒரு நாளில், போனில் வேண்டவே வேண்டாம். அந்தப் பேச்சில் இருவரும் கமிட்மென்ட் என்ற வார்த்தையைப் பயன்படுத்துவதில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு வினைச்சொல்லைப் போட்டே ஆக வேண்டும்: அடைப்பேன், சொல்வேன், பேசுவேன், காத்திருப்பேன். வினை வந்தால் கூடவே எப்போது, யாரிடம் என்பதும் வந்துவிடும். "எனக்கு உன் மேல் கமிட்மென்ட் இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இந்த மாதக் கடைசிக்குள் அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொல்கிறேன்" என்பதை வைத்துக்கொண்டு நிறையச் செய்யலாம், அது நடந்ததா இல்லையா என்றாவது தெரியும்.

பேச்சு தொடங்கியதும் அவருடைய பொறுப்புகளைக் கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் அது எப்போது முடியும் என்றும் எழுதச் சொல்லுங்கள். இங்கேதான் முக்கியமான விஷயம் தெரியவரும். கடனுக்குக் கடைசித் தவணை என்று ஒன்று இருக்கும். தங்கையின் படிப்பும் ஒரு நாள் முடியும். ஆனால் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவர்கள் இருக்கும்வரை முடியாது, முடியவும் கூடாது. முடியும் பொறுப்புகளுக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது, அதற்கு ஒரு தேதி உண்டு. முடியாத பொறுப்புகளைக் காட்டி "எல்லாம் முடியட்டும்" என்று சொன்னால் அதற்குத் தேதியே கிடையாது, அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம், தாளில் எழுதிப் பார்க்கும்போதுதான் அவருக்கும் உறைக்கும். முடியாதவற்றை எப்படி இருவருமாகச் சேர்ந்து சுமப்பது என்பதுதான் அங்கே பேச வேண்டியது. உங்கள் சம்பளம், உங்கள் வீட்டுப் பொறுப்புகள் இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். அவர் மட்டும் கணக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

அப்புறம் நீங்கள் உங்கள் வாக்கைச் சொல்லுங்கள். எவ்வளவு காலம் உங்களால் காத்திருக்க முடியும், அதற்கு மேல் என்ன செய்வீர்கள் என்று. மிரட்டலாக இல்லாமல், உங்களைப் பற்றிய ஓர் உண்மையாக. பல பேர் இந்த இடத்தில் தயங்குகிறார்கள், காலக்கெடு வைத்தால் காதல் வியாபாரமாகிவிடும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களுடைய வரம்பு அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் அநியாயம், திடீரென ஒரு நாள் நீங்கள் விலகினால் "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்பார், அதில் நியாயம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, உங்கள் கடிதத்தில் இதற்கான அறிகுறி இல்லை, இருந்தாலும் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வார்த்தையை ஆயுதமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். "உனக்குக் கமிட்மென்ட் இருந்தா பாஸ்வேர்டைக் குடு", "இருந்தா என்னோட வா", "இருந்தா அந்த வேலையை விடு". திரைத்துறையில் வாய்ப்புத் தருகிறவர் ஒரு பெண்ணிடம் கமிட்மென்ட் கேட்கிறார் என்றால் அது எதைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், பச்சையாகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு கண்ணியமான சொல்லைத் திருடி வைத்திருக்கிறார்கள். யார் இந்தச் சொல்லை உங்களிடம் கேட்டாலும் "எதற்கு, எதைக் கேட்கிறீர்கள், தெளிவாகச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள். தெளிவாகச் சொல்லக் கூசுகிறவரிடம் எதையும் ஒப்படைக்க வேண்டாம்.

அலுவலக விஷயம். இதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் மனதை விடக் காகிதத்துக்குத்தான் வேலை அதிகம். உங்கள் மேலதிகாரி கமிட்மென்ட் என்று எழுதியிருப்பது அநேகமாக இருக்கையில் இருக்கும் நேரத்தை. வேறு எதையாவது குறிக்கவும் செய்யலாம், அதனால் கேட்டுவிடுங்கள்: நான் ஒப்புக்கொண்ட எந்த வேலை, எந்தத் தேதியில் தவறியது? ஒன்றிரண்டு உதாரணம் சொன்னால் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் பக்கமும் உண்மை இருக்கலாம். ஒப்புக்கொண்ட நாளில் முடிக்க முடியாது என்று தெரிந்ததும் முன்கூட்டியே சொல்கிறீர்களா என்பதை மட்டும் நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணமே இல்லை, ஆறு மணிதான் காரணம் என்றால், முடித்த வேலைகளின் பட்டியலோடு அந்த வரியைத் திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எப்படியிருந்தாலும் அந்த வரியைக் கொண்டுவந்து உங்கள் குணத்துக்குச் சான்றிதழ் மாதிரி வீட்டில் மாட்டி வைக்காதீர்கள்.

அவரோடு பேசும் நாளும் மேலதிகாரியோடு பேசும் நாளும் ஒரே வாரத்தில் வர வேண்டாம். முதலில் அவரோடு பேசுங்கள், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் "எனக்குத் தெரியலை" என்று சொன்னால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், கோபப்படாமல் அடுத்து எந்தத் தேதியில் இதே தாளோடு மறுபடி உட்காரப் போகிறீர்கள் என்று மட்டும் இருவருமாக முடிவு செய்து, அதை அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.